எடை மெஷினும் ஷிஃப்ட் சங்கும்

காயலான் கடைக்காரர் எடை மெஷினை ஒருபக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். "வார்ப்பு இரும்பு டாக்டரம்மா, இப்பல்லாம் இந்த மாதிரி யாரு செய்றா" என்று புகழ்ந்துவிட்டு, அந்தப் புகழுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு விலையைச் சொன்னார். கொடுத்துவிட்டேன். முள் 120 கிலோவோடு முட்டி நின்றுவிடும் மெஷின் அது. அதற்கு மேல் போகிறவர்கள் ஏறும்போதெல்லாம் நானும் அவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், சீட்டில் "120-க்கு மேல்" என்று எழுதிச் சமாளித்துக்கொண்டிருந்தோம். இப்போது 200 கிலோ வரை காட்டும் டிஜிட்டல் மெஷின் வந்துவிட்டது.

பழையதை வாங்கியது மூர் மார்க்கெட்டில். 1985-ல் அந்த மார்க்கெட் எரிந்துபோவதற்கு முன்பு, பழைய புத்தகக் கடைகளைத் தாண்டி உள்ளே போனால் இரும்புச் சாமான் விற்கும் வரிசை இருக்கும். அங்கே பேரம் பேசி, சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி, வடசென்னையில் விம்கோ நகர் ரயில்வே கேட் அருகே நான் அப்போதுதான் திறந்திருந்த கிளினிக்குக்குக் கொண்டுவந்தேன். மேலே ஒட்டியிருந்த ரப்பர் விரிப்பில் இரண்டு பாதங்களின் இடம் மட்டும் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டிருந்தது.

அன்றெல்லாம் அந்த முள் ஏறினால் வீட்டில் விசேஷம். அல்சர் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர், டயர் கம்பெனியில் வேலை, மாதம் தவறாமல் வந்து எடை பார்ப்பார். சட்டைப் பையில் சில்லறை, இடுப்பில் சாவிக்கொத்து, கையில் டிபன் கேரியர் எல்லாவற்றோடும்தான் ஏறுவார். "கேரியரைக் கீழ வைங்க" என்றால், "இருக்கட்டும்மா, காலி கேரியர்தான்" என்பார். முள் ஐம்பதைத் தொட்ட அன்று அவர் மனைவி தூக்குச்சட்டியில் ரவா கேசரி கொண்டுவந்து, பெஞ்சில் காத்திருந்த எல்லோருக்கும் இலைத்துண்டில் வைத்துக் கொடுத்தார். எல்லோரும் சாப்பிட்டார்கள். இன்று அதே பெஞ்சில் கேசரி கொடுத்தால் பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள். மீதிப் பேர் "ஸ்வீட்டை நிறுத்திட்டேன்" என்று சொல்லிவிட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

இப்போது மெஷினில் ஏறுவதற்கு முன் செருப்பு, பர்ஸ், செல்போன், பெல்ட் என்று ஒவ்வொன்றாக என் மேஜைக்கு வரும். ஒரு அம்மாள் கைவளையல்களைக் கூடக் கழற்றி வைத்தார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர்களும் உண்டு.

விம்கோ நகரில் அந்த நாளில் கைக்கடிகாரத்துக்குப் பெரிய வேலை கிடையாது. சங்குதான் நேரம். 1923-ல் ஸ்வீடன்காரர்கள் தொடங்கிய தீப்பெட்டி கம்பெனியின் பெயர்தான் ஊருக்கே பெயர். சுற்றிலும் மோட்டார் சைக்கிள், டயர், சாணைக்கல். வடக்கே எண்ணூரில் லாரி, உரம், அனல்மின் நிலையம். ஒவ்வொரு கம்பெனிச் சங்குக்கும் ஒரு குரல் இருந்தது. பெண்கள் அதைக் கேட்டுத்தான் உலை வைப்பார்கள்.

நோயாளிகளும் சங்குக் கணக்கில்தான் வலியைச் சொல்வார்கள். "காலைல சங்கு ஊதி ரெண்டு மணி நேரத்துக்கெல்லாம் குத்த ஆரம்பிக்கும்மா. டீயும் பன்னும் உள்ள போனா அடங்கிடும்." "ராத்திரி ஷிஃப்ட்டு சங்கு ஊதி ஒரு தூக்கம் போட்டு எழுந்தா வவுறு எரியும்." முன்சிறுகுடல் புண்ணுக்குப் பாடப்புத்தகம் வகுத்த இலக்கணம் அப்படியே இது: பசித்தால் வலி, சாப்பிட்டால் தணியும், நடுச்சாமத்தில் தட்டி எழுப்பும். இடத்தைக் காட்டச் சொன்னால் ஒற்றை விரலால் நெஞ்சுக்குழிக்குக் கீழே தொட்டுக் காட்டுவார்கள். உள்ளங்கையால் மொத்த வயிற்றையும் தடவிக் காட்டினால் அது பெரும்பாலும் வேறு சமாசாரம்.

சிலர் அந்த வலியைச் சோடாவிலும் ஜெலூசிலிலும் வருஷக்கணக்காக ஓட்டிவிட்டு, எலும்பும் தோலுமாக வருவார்கள். "நேத்து மத்தியானம் துன்ன முருங்கக்கீர, இன்னிக்குக் காலைல வாந்தில அப்டியே வருதும்மா" என்பார்கள். புண் ஆறி ஆறித் தழும்பேறி, இரைப்பையின் வாய் சுருங்கிப் போயிருக்கும். படுக்கவைத்து இடுப்பின் இரு பக்கமும் பிடித்து மெல்ல உலுக்கினால், பாதி நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கும்போது வருகிற சத்தம் உள்ளிருந்து கேட்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் காத்திருந்தால், ஒட்டிய வயிற்றின் தோலுக்கு அடியில் இடமிருந்து வலமாக ஒரு அலை மெதுவாகப் போவது தெரியும். ஸ்கேன் இல்லாத நாளில் அதுதான் எங்களுக்கு ஸ்கேன். இன்றைய மாணவர்களிடம் இதைச் சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார்கள், பார்த்ததில்லை.

நான் படித்தது ஸ்டான்லியில். ராயபுரம், தண்டையார்ப்பேட்டைப் பக்கத்துப் பெரியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782 பஞ்சத்தில் பட்டினியோடு பட்டணத்துக்குள் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில்தான் அதன் வேர். 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற வைத்தியர் அங்கே ஒரு மருந்தகம் தொடங்கினார். பள்ளியாகி, 1938-ல் கல்லூரியாகி, இன்று இத்தனை கட்டடம். முதலில் கஞ்சி, அப்புறம்தான் மருந்து என்ற அந்த வரிசை எனக்குப் பிடிக்கும்.

எங்கள் சீஃபுக்கும் அந்த வரிசைதான். கேஸ் ஷீட்டில் உணவு என்ற இடத்தில் "மிக்ஸட் டயட்" என்று எழுதுவது எல்லாக் கல்லூரிகளிலும் வழக்கம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் அல்ல என்று அர்த்தம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ரவுண்ட்ஸில் யாராவது அப்படிப் படித்தால் சீஃப் நிறுத்திவிடுவார். "மிக்ஸட்னா? சாம்பார் சாதமா, பிசிபேளாவா?" வார்டே சிரிக்கும். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு அவரே கேட்பார்: "நேத்து விடிஞ்சதிலேர்ந்து என்னென்ன சாப்டே, எத்தனை மணிக்கு, யார் சமைச்சது?" நோயாளி ஒரு டம்ளர் டீயைக்கூட விடாமல் சொல்லி முடிக்கும்போது எங்களுக்குப் பாதி நோய் தெரிந்திருக்கும். அந்தக் கேள்வியைத்தான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில்தான் மாறிவிட்டது.

அரிசிக்கும் அல்சருக்கும் என்ன தொடர்பு என்பது எங்கள் காலத்துப் பெரிய விவாதம். ஆங்கிலேயர் காலத்தில் குன்னூரில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி நடத்திய ராபர்ட் மெக்கரிசன், இந்தியாவின் ஒவ்வொரு வட்டாரத்துச் சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டுப் பார்த்தவர். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் தின்ற சீக்கியச் சாப்பாட்டு எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. மதராஸ் சாப்பாட்டு எலிகள் நோஞ்சானாகப் போயின. மதராஸ் சாப்பாடும் திருவிதாங்கூரின் மரவள்ளிச் சாப்பாடும் தின்ற எலிகளில் சிலவற்றுக்கு இரைப்பையில் புண்ணே வந்தது. பிறகு ரயில்வே மருத்துவர் எஸ்.எல். மல்ஹோத்ரா, ரயில்வே ஊழியர்களை வைத்துப் பார்த்து, தெற்கே அரிசி தின்கிறவர்களுக்கு அல்சர் அதிகம், வடக்கே கோதுமை தின்கிறவர்களுக்குக் குறைவு என்றார். ரொட்டியை மெல்ல வேண்டும், மெல்லும்போது எச்சில் ஊறும், குழைந்த சோற்றை யார் மெல்கிறார்கள் என்பது அவர் வாதம். மைசூரில் அறுவை மருத்துவராக இருந்த பிராங்க் டோவி, அல்சர் எங்கே அதிகம் எங்கே குறைவு என்று இந்தியா முழுவதற்கும் கணக்கெடுத்துப் பார்த்தார். தெற்கும் கடற்கரையும்தான் மோசம்.

இதையெல்லாம் படித்துவிட்டு வந்து விம்கோ நகரில் உட்கார்ந்தால், எதிரே இருப்பவருக்குக் கோதுமை என்பது ரேஷனில் எப்போதாவது போடுகிற ஒன்று. அதையும் பக்கத்து வீட்டுக்கு மாற்றிக்கொண்டு அரிசி வாங்குவார்கள். ஆக நான் சொன்னதெல்லாம் மூன்றே: நேரத்துக்குச் சாப்பிடு, மென்று சாப்பிடு, பீடியை விடு. மூன்றாவதைத் தீப்பெட்டி கம்பெனிக்காரரிடம் சொல்லும்போது அவர் சட்டைப் பையிலிருந்து கப்பல் படம் போட்ட பெட்டி எட்டிப் பார்க்கும்.

மருந்தில் அடங்காதவர்களை ஸ்டான்லிக்கே அனுப்புவேன். வேகஸ் நரம்பை வெட்டி, இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் புது வழி போடும் ஆபரேஷன். அறுவைப் பிரிவில் அது அன்றாடச் சமையல் மாதிரி; தினமும் நடக்கும். வலி போய்விடும். ஆனால் பலருக்குச் சாப்பிட்டவுடன் படபடப்பு, வியர்வை, மயக்கம் வரும், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும், இரத்தசோகை வரும், உடம்பு ஏறாது. அவர்களைத் தேற்றுவதே என் மாலை நேரங்களின் பெரும்பகுதி. சிறிது சிறிதாக ஆறு வேளை, சோற்றோடு தண்ணீர் குடிக்காதே, முட்டை, நெத்திலி, வேர்க்கடலை உருண்டை. ஒவ்வொரு அரைக் கிலோவுக்கும் போராட்டம். கேசரி வந்த கதை இப்படித்தான்.

இதே காட்சியைப் பார்த்து வேறொருவர் வேறொன்றை யோசித்திருக்கிறார் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர், அல்சருக்காக இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்த பெண்கள் மறுபடி குண்டாவதே இல்லை என்பதைக் கவனித்தார். 1966-ல் அதையே உடல் பருமனுக்கான ஆபரேஷனாக ஆக்கினார். இன்று ஊர் ஊராகப் போர்டு வைத்து விளம்பரம் செய்யும் பேரியாட்ரிக் சர்ஜரிக்கு மூலவர் அவர்தான். அவர் மருந்தாகக் கண்டதைத்தான் நான் முட்டையும் நெத்திலியும் கொண்டு சரிசெய்யப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் செய்தது சரிதான். அவருடைய நோயாளி அயோவாவில் இருந்தார், என்னுடையவர் அஜாக்ஸ் பஸ் ஸ்டாப்பில் இருந்தார்.

பிறகு அல்சர் போய்விட்டது. அத்தனை ஆட்டம் போட்ட நோய், சொல்லாமல் கொள்ளாமல் போனது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இரைப்பையில் ஒரு கிருமி குடியிருக்கிறது, புண்ணுக்கு அதுதான் காரணம் என்றபோது பெரிய மருத்துவர்கள் சிரித்தார்கள். 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்த கலவையைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. நடுவில் அமிலத்தை அடக்கும் புது மாத்திரைகள் வந்தன. இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் போதும் என்று ஆனதும் அந்த ஆபரேஷன் ஏறக்குறைய அருங்காட்சியகத்துக்குப் போனது. கிருமி வடக்கேயும்தான் இருக்கிறது, புண் மட்டும் ஏன் தெற்கே அதிகம் என்ற டோவியின் கேள்வி அப்படியே நிற்கிறது. ஆனால் நோய் போன பிறகு கேள்விக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

கொஞ்ச காலம் கிளினிக்கில் கூட்டமே குறைந்தது. நான் ஓய்வெடுக்கலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் கையில் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வர ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தவர்களில் ஒருவரை மறக்க முடியாது. பல வருஷமாக மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகிற குருசாமி. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த ஸ்கேனில், கல்லீரலில் கொழுப்பு என்று எழுதியிருந்தது. கூடவே மனைவியும் வந்திருந்தார், முகம் சிவந்து. ஸ்கேன் சென்டரில் யாரோ, "ஈரல் இப்படி ஆனா அது தண்ணி போடறவங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார்கள். "பத்தொம்பது வருசமா மலைக்குப் போறாரு, எவன்கூட உக்காந்து குடிக்கிறாருன்னு நீங்களே கேளுங்க டாக்டரம்மா" என்று அந்த அம்மாள் அழுதார். குருசாமி வாயே திறக்கவில்லை. குடிக்காதவர்களுக்கும் குடிகாரர் ஈரல் போலவே ஆகும் என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லுட்விக் என்ற நோய்க்குறியியல் நிபுணர் 1980-லேயே எழுதிவிட்டார் என்பதை நான் அந்த அம்மாளுக்கு எப்படிச் சொல்வது? "ஈரல்ல இருக்கிறது சாராயம் இல்லம்மா, சோறு. அதிகமான மாவுச்சத்தை உடம்பு கொழுப்பாக்கி அங்க கொண்டுபோய் வெச்சிருக்கு" என்றேன். "சோறா? அப்ப என்மேல தப்பா?" என்று அடுத்த அழுகை ஆரம்பித்தது.

குருசாமி குண்டானவரும் அல்ல. கை கால் மெலிவு, வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கும். இது நம் ஆட்களின் வாகு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் ஒன்று 2004-ல் லான்செட் இதழில் வந்தது. உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பிலிருந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இதனால்தான் மேற்கத்தியர்களுக்கு 30 என்று வைத்திருக்கும் பருமன் எல்லை நமக்கு 25. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. எடை மெஷினைவிடத் தையல்காரரின் இன்ச் டேப் இன்று எனக்கு அதிகம் உதவுகிறது. மேஜை டிராயரில் மஞ்சள் நிறத்தில் ஒன்று சுருண்டு கிடக்கும்.

இந்த வாகு எங்கிருந்து வந்தது என்று யாஜ்னிக் பிள்ளைப்பேற்றிலிருந்தே பார்க்கிறார். தாய் வயிற்றில் குறைவாகச் சாப்பிட்டு, எடை குறைந்து பிறக்கும் குழந்தையின் உடம்பு, தசையைக் குறைத்துக் கொழுப்பைச் சேமிக்கக் கற்றுக்கொண்டே வெளியே வருகிறது; பிற்காலத்தில் சாப்பாடு தாராளமானால் அதுவே வினையாகிறது. எனக்கு இது ஆராய்ச்சிக் கட்டுரையாகத் தோன்றவில்லை. சத்தியமூர்த்தி நகரிலும் எர்ணாவூரிலும் நான் பார்த்த தாய்மார்கள், புருஷன் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, சட்டியில் ஒட்டியிருந்ததைத் தண்ணீர் ஊற்றிக் குடித்தவர்கள். இரண்டு கிலோவும் கொஞ்சமுமாகப் பிள்ளை பெற்றார்கள். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சோறு உறுதியானது. அந்தப் பிள்ளைகளில் சிலர்தான் இன்று என் பெஞ்சில், ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு.

குண்டானவர் என்றால் நன்றாகத் தின்று உட்கார்ந்திருப்பவர் என்ற நினைப்பு டாக்டர்களுக்கே உண்டு. வாயைக் கட்டு, நட என்று சொல்லி ஒரு நிமிஷத்தில் அனுப்பிவிடுவார்கள். இந்தப் பக்கத்தில் வந்து பார்க்க வேண்டும். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் வைக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. அந்தக் காலத்துக் கேன்டீன் சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் குறை சொல்வார்கள், சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும் என்பார்கள். ஆனால் சங்கு ஊதினால் தட்டு வரும். கூட்டு, மோர், வாரத்தில் ஒரு நாள் முட்டை. அப்பாவுக்கு அது இருந்தது. மகன் காண்ட்ராக்ட் லேபர். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், பஸ் பயணம் தனி. காலையில் வீட்டில் நாஷ்டாவுக்கு நேரமில்லை. மத்தியானம் கடையில் கலந்த சாதம், அதற்கு உருளைக்கிழங்கு தொட்டுக்க. இரவு பன்னிரண்டு மணிக்கு டி.எச். ரோட்டில் திறந்திருப்பது பரோட்டாக் கடை மட்டும்தான், ஊற்றிக்கொள்ள சால்னா. சாப்பிட்டதும் படுக்கை. இரவில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறமை குறைந்திருக்கும். அந்த நேரத்தில் போய்ச் சேர்கிற மைதா நேராகக் கல்லீரலுக்குத்தான். அப்பாவைக் காலி வயிறு கெடுத்தது, மகனை நடுச்சாமத்துச் சாப்பாடு கெடுக்கிறது. இரண்டுக்கும் நேரத்தை வகுத்தவர்கள் வேறு ஆட்கள்.

ரேஷன் அரிசியைப் பழிக்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. தமிழ்நாட்டில் 2011-லிருந்து அரிசிக்குக் காசு இல்லை. "இலவச அரிசி போட்டுத்தான் சர்க்கரை வந்துச்சு" என்று காரில் வந்து இறங்கும் நண்பர்கள் சொல்வார்கள். எலும்பு தெரிந்த வயிறுகளை உலுக்கிப் பார்த்த எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. அரிசி வந்தது சரி; அதன் பக்கத்தில் பருப்பும் கீரையும் மீனும் அதே சுலபத்தில் வரவில்லை. காசிமேட்டுக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு வஞ்சிரம் வாங்க முடியாத வீடுகள்தான் இங்கே அதிகம். நெத்திலியும் மத்தியும் கிடைத்தால் போதும் என்று நான் சொல்வேன். மத்திக்கு நாற்றம் என்று மருமகள்கள் சமைப்பதில்லை என்பது மாமியார்களின் புகார்.

பழைய சோற்றுக்கு மட்டும் இப்போது திடீர் மவுசு. எங்கள் ஸ்டான்லியிலேயே குடல் அறுவை சிகிச்சைப் பிரிவில் டாக்டர் ஜெஸ்வந்த் தலைமையில், குடல் அழற்சி நோய்களுக்குப் பழைய சோறு உதவுமா என்று அரசு நிதியில் ஆராய்ச்சி நடந்தது. கஞ்சித்தொட்டி மறுபடி கஞ்சிக்கு வந்திருக்கிறது. சோறு ஆறிக் கிடக்கும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பங்கு, சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. பெருங்குடலுக்குப் போய் அங்கிருக்கும் நல்ல நுண்ணுயிர்களுக்குத் தீனியாகிறது. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ராமகிருஷ்ணா குழுவினர், இப்படிச் செரிக்காத மாவுச்சத்தை உப்புச் சர்க்கரைக் கரைசலோடு காலராக்காரர்களுக்குக் கொடுத்து, பேதி சீக்கிரம் நிற்பதை 2000-லேயே காட்டியிருந்தார்கள். இந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் வந்த மறுவாரம் ஒருவர் வந்தார். "டாக்டர், இப்ப மூணு வேளையும் பழையதுதான்." எவ்வளவு என்று கேட்டேன். கையால் காட்டினார், அண்டா அளவு. தொட்டுக்க மசால் வடை.

சில மாதங்களாகப் புதுக் கேள்வி ஒன்று. "பசிக்காம இருக்கிறதுக்கு ஊசி வந்திருக்காமே?" 2025-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஊசிகளைத்தான் கேட்கிறார்கள். சாப்பிட்டதும் குடல் சுரக்கிற ஒரு ஹார்மோனைப் போலவே செய்யப்பட்ட மருந்து. மூளைக்குப் போய்ப் போதும் என்கிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. எடை நிஜமாகவே இறங்குகிறது, கல்லீரலும் தேறுகிறது என்கிறார்கள். எனக்கு மருந்தின் மேல் கோபமில்லை. ஆனால் இரைப்பை காலியாகவில்லை என்று பயந்து பயந்து வயிற்றை உலுக்கிப் பார்த்த கைக்கு, அதையே விலை கொடுத்து வாங்குவது பழக இன்னும் கொஞ்ச நாளாகும். விலையோ, வந்த புதிதில் இங்கே பலர் வாங்கும் மாதச் சம்பளத்தோடு போட்டி போட்டது.

அப்படிக் கேட்டு வந்தவன்தான் ஒரு கண்டெய்னர் லாரி டிரைவர். முப்பது வயது இருக்கும். துறைமுகத்துக்குள் போக எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாக நிற்குமே, மணிக்கணக்கில், சில சமயம் விடிய விடிய. அந்த வரிசையில்தான் அவன் வாழ்க்கை. இடுப்பு 112. நெஞ்சுக் கரிப்பு, ஈரலில் கொழுப்பு, சர்க்கரை எல்லையில். சீஃபின் கேள்வியைக் கேட்டேன். "வண்டி நின்னா பிரியாணி பொட்டலம் வந்துரும் டாக்டர். வண்டி நகராது, பொட்டலம் வந்துனே இருக்கும்" என்றான். அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "அவங்கப்பன் பசி எடுக்கலன்னு டானிக் கேட்டு உங்ககிட்ட வந்தாரு. இவன் பசிக்காம இருக்க ஊசி கேக்கறான்" என்றார்.

ஊசி இப்போது வேண்டாம், எடையில் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே ஈரல் பெருமளவு சரியாகிவிடும், மூன்று மாதம் பார்ப்போம் என்றேன். நட என்று சொல்ல முடியாது. வரிசையில் லாரியை விட்டு எங்கே நடப்பான்? பேச்சு கேபினுக்குள் என்ன வைக்கலாம் என்பதில் போய் நின்றது. அவனிடம் சின்ன ஸ்டவ் ஏற்கெனவே இருந்தது, டீ போட. முட்டை அவிக்கலாம், வெள்ளைச் சுண்டல் ஊறவைத்து எடுத்துப் போகலாம், ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடிக்கலாம். "ஏழரைக்கு வண்டி எங்க இருக்குமோ" என்றான். எங்கே இருந்தாலும் ஏழரை ஏழரைதான் என்றேன்.

போன வாரம் வந்தான். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை, ஆணியால் அடித்தது. புது மெஷினில் ஏறச் சொன்னேன். இறங்கி எண்ணைப் பார்த்துவிட்டு, "ஸ்டவ் வேலை செய்யுது டாக்டர், ஆனா கிளீனர் பையன் ஏறிட்டான்" என்றான்.

"ஏன்?"

"என் பொட்டலத்தையும் சேத்து அவன்தான துன்றான். வெளிய நிக்கிறான், கூப்டவா?"